தாடிக்குள்ளே போன வசனம்

கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள். அவள் மடியில் கதாநாயகன் தலை, அவன் சட்டையெல்லாம் ரத்தம். அதுவரைக்கும் டமடம என்று மண்டையைப் பிளந்த பின்னணி இசையை, சாகப்போகிறவன் பாவம் என்று அந்த ஒரு நிமிஷத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். திருநெல்வேலியில் ஒரு தியேட்டர், ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம், நல்ல கூட்டம். யாராவது முறுக்கைக் கடித்தால்கூட எல்லாருக்கும் கேட்டிருக்கும், அப்படி ஒரு அமைதி.

அப்போதுதான் என் பக்கத்து சீட்டிலிருந்து அந்தக் குரல் கிளம்பியது.

“ஏளா! இவ என்ன, ஒன் டூ த்ரீல்லா எண்ணுதா!”

என் வீட்டுக்காரர். நான் அவர் கையைப் பிடித்து அமுக்கினேன். இவர் எங்கே அடங்குகிறார்? திரையைப் பார்த்து விரலை நீட்டி, “அந்தா பாரு, ஃபோரு, ஃபைவு... அழுதுக்கிட்டே எண்ணுதாளே, கோட்டி புடிச்சிட்டா அவளுக்கு?” என்றார்.

தியேட்டரே சிரித்தது. கதாநாயகனுக்கு உயிர் போனதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. தமிழ் தெரியாத நடிகைகள் சில பேர் வசனத்துக்குப் பதிலாக இப்படி எண்ணிவிட்டுப் போவார்கள், பிறகு வேறொருத்தர் குரல் கொடுப்பார் என்று என் மகள் பிற்பாடு சொன்னாள். மெய்யோ பொய்யோ, நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அவள் வாய் அப்படித்தான் அசைந்தது. நானும் பார்த்தேன்.

எல்லாரும் சிரித்தார்கள், ஒருத்தனைத் தவிர. எங்களுக்குப் பின்வரிசையில் ஒரு பையன். அந்தக் கதாநாயகனுக்காக உயிரைக் கொடுக்கிற ரசிகன்போல. அவன் எட்டி முன்னால் வந்து, “காது கேக்கலன்னா வீட்ல கெடயும்வே! இங்கன வந்து எங்க உயிர ஏன் வாங்குதீரு?” என்றான்.

இவருக்குத்தான் கேட்காதே, அந்த மட்டில் தப்பித்தோம் என்று நினைத்தேன். அது நடக்கவில்லை. எல்லாரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று பார்க்க இவர் அந்நேரம் பின்னால் திரும்பியிருந்தார். திரை வெளிச்சம் முழுக்க அந்தப் பையன் மூஞ்சியில் விழுந்தது. அவனுக்குத் தாடியும் கிடையாது, மீசையும் கிடையாது. அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இவருக்கு விளங்கிவிட்டது.

இவர் மெதுவாக முன்னால் திரும்பி உட்கார்ந்தார். அதன் பிறகு படம் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் இந்தத் தொடரை என் கொழுந்தன் கல்யாணப் பந்தியில் நிறுத்தியிருந்தேன். சாம்பார் பத்தாமல் போன கதையைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எனக்கு இந்தச் சினிமாக்காரர்கள் மேல் அவ்வளவு எரிச்சல். சாம்பார் அங்கேயே கிடக்கட்டும்.

சத்தமில்லாத கல்யாணப் பேச்சு

காது கேட்காதவருக்கு அவன் சொன்னது எப்படி விளங்கியது என்று கேட்பீர்கள். நாங்கள் இரண்டு பேரும் மில்லில் வேலை பார்த்தவர்கள். விக்கிரமசிங்கபுரத்து மில் என்றதும் எல்லாரும் பெரிய மில்லைத்தான் நினைப்பார்கள். எங்களுடையது அது இல்லை. ஊரை விட்டுத் தள்ளி ஒரு சின்ன நூல் மில். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. இவர் நூல் நூற்கிற பக்கம், நான் நூல் சுற்றுகிற பக்கம். நடுவில் சுவர் கிடையாது.

மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் மில்லுக்குள் ஒருத்தரும் கத்த மாட்டோம். வாயை மட்டும் அசைப்போம். தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வராது, உதட்டை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் கோடியில் நிற்கிறவருக்கு அது அப்படியே போய்ச் சேரும். என்ன குழம்பு வைத்தாய், யார் வீட்டில் சண்டை, யாருக்குப் பொண்ணு பார்க்க வருகிறார்கள், எல்லாம் அப்படித்தான். மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம். பொம்பளைகளும் முறுக்குவோம், இல்லாத மீசையை.

இவர் என்னைக் கேட்டதும் அப்படித்தான். இரண்டு வரிசை மெஷினுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, “உங்க வீட்டுக்கு எங்க அம்மாவ அனுப்பட்டா?” என்று வாயசைத்தார். என்னவோ ரகசியமாகக் கேட்டதாக அவருக்கு நினைப்பு. மில்லில் அத்தனை பேருக்கும் வாய் படிக்கத் தெரியுமே! நான் யோசிக்கிறதுக்குள் நாலு பொம்பளைகள் நாலு பக்கத்திலிருந்து, “சரின்னு சொல்லுளா” என்று வாயசைத்தார்கள். வெட்கப்படக்கூட எனக்கு நேரம் கொடுக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. மேஸ்திரி இவருக்குப் பின்னால் நின்று ஏசுவார். முகம் தெரியாததால் இவருக்கு ஒன்றும் புரியாது. நான் எதிரே நின்று மேஸ்திரி ஏசுவதை ஏச ஏச வாயசைத்துச் சொல்வேன். சில நாள், வீட்டில் எனக்கு இவர் மேல் இருக்கிற கோபத்தையும் சேர்த்து இரண்டு வார்த்தை கூடப் போடுவேன். “அந்த மனுசன் எதுக்கு என் வேட்டி துவைக்கறதப் பத்தி ஏசுதாரு?” என்று இவர் குழம்பிப்போய் நிற்பார்.

மில்லை விட்டு வெளியே வந்தால் எல்லாம் நேர் எதிர். அவ்வளவு நேரம் காதுக்குள் இரைந்த இரைச்சலில் தன் குரலே தனக்குக் கேட்காது, எல்லாரும் கத்திக் கத்தித்தான் பேசுவோம். மில்லுக்காரர் வீட்டில் ரகசியம் நிற்காது, தெருமுனை வரைக்கும் போகும். காதும் பையப் பையப் போயிற்று. என் காது பரவாயில்லை. இவருக்கு அநேகமாகப் போய்விட்டது. குரல் மட்டும் அந்தப் பழைய குரலாகவே நின்றுவிட்டது.

ஊரே ஊமையான வருஷம்

காது இவ்வளவு தூரம் போய்விட்டது என்று எங்களுக்கே ரொம்ப நாள் தெரியாது. வாயைப் பார்த்தே எல்லாம் சமாளித்திருக்கிறார். மாஸ்க் போட்ட காலம் வந்ததா, அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது.

டீக்கடைக்குப் போய்விட்டு வந்து, “ஊர்ல ஒரு பயலும் எங்கிட்ட பேச மாட்டேங்கான்” என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் நம்பிவிட்டேன். யாரிடம் என்ன வம்பு இழுத்துவைத்தாரோ என்று பயந்து, அக்கம்பக்கத்தில் விசாரிக்கக்கூடச் செய்தேன். பிறகு முழங்கால் வலி என்று டாக்டரிடம் போனோம். டாக்டர் மாஸ்க்குக்குள்ளிருந்து, “எத்தனை நாளா வலிக்குது?” என்றார். இவர், “நல்லாருக்கேன் சார்” என்றார். “மாடி ஏறினா வலிக்குதா?” “நல்லாருக்கேன் சார்.” டாக்டர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் உடனே காது மெஷின் வாங்கி அனுப்பினாள். நல்ல மெஷின்தான், குறை சொல்ல முடியாது. அதை மாட்டிக்கொண்டு முதன்முதலாக எங்கே போனோம்? சினிமாவுக்கு. ஆக்கங்கெட்ட யோசனை, என்னுடையதுதான்.

கதாநாயகன் காலை மட்டும் காட்டினார்கள். பிறகு கையை. பிறகு முதுகை. முகத்தைக் காட்டுகிற நேரம் பார்த்து ஐம்பது தவில்காரர்களை ஒன்றாக அடிக்க விட்டதுபோல ஒரு இசை. இவர் சீட்டை விட்டு எழுந்தேவிட்டார். மெஷினைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார். அது அங்கே கிடந்து கொய்ங் கொய்ங் என்று கத்த, சுற்றி இருந்தவர்களெல்லாம் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். அன்றைக்குப் பீரோவுக்குள் போனதுதான் அந்த மெஷின், இன்னும் வெளியே வரவில்லை.

இருட்டும் தாடியும்

இப்போது என்னைப் பேச விடுங்கள். இந்த ஒன்றிரண்டு வருஷமாகப் பார்த்த படங்களைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் இந்தத் தாடி. இப்போதெல்லாம் ஒரு கதாநாயகனுக்கும் சவரம் பண்ண நேரமில்லை. அவனுக்குத் தாடி, வில்லனுக்குத் தாடி, இரண்டு பேருக்கும் சமாதானம் பேசுகிற பெரியவருக்கும் தாடி. வசனம் தொண்டையிலிருந்து கிளம்பித் தாடிக்குள்ளேயே போய்த் தங்கிவிடுகிறது. பழைய படங்களில் நடிகர்கள் நேராகப் பார்த்து, வாய் நிறையப் பேசுவார்கள். இவர் ஒரு வசனம் விடாமல் படிப்பார். இப்போது இவருக்குத் தெரிவதெல்லாம் மயிர்தான். காது கேட்கிற எனக்கே பாதி விளங்கவில்லை. என்னவோ முணுமுணுக்கிறான், அதற்குத் தியேட்டரில் கைதட்டல் வேறு. கைதட்டின ஒருத்தனைக் கூப்பிட்டு, “தம்பி, இப்ப அவன் என்ன சொன்னான்?” என்று கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.

அடுத்தது இருட்டு. கரண்ட் பில் கட்டாத வீடு மாதிரி எல்லாப் படமும் இருட்டாகக் கிடக்கிறது. இருட்டில் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை வெட்டுகிறது. “ஏளா, இதுல யாரு யார அடிக்கான்?” என்று இவர் கேட்பார். நான் என்னத்தைச் சொல்ல? எனக்கே தெரியாது.

எங்கள் ஊர்க் கதை என்று விளம்பரம் பண்ணி ஒரு படம் வந்தது. ஆசையாகப் போனோம். போயிருக்கவே வேண்டாம். வாயைத் திறந்தால் ‘ஏலே’. மகன் அப்பாவைப் பார்த்து ‘ஏலே’ என்கிறான். எங்கள் பக்கம் அப்படிச் சொல்லிவிட்டு எவன் அந்த வீட்டில் சோறு தின்பான்? வீட்டுக்கு வீடு அருவாள் தொங்குகிறது. எங்கள் தெருவில் அருவாள் வைத்திருப்பது இளநீர்க்காரர் ஒருத்தர்தான், அதையும் அவர் இரவல் தர மாட்டார். கதாநாயகி பாபநாசத்து ஆற்றில் முங்குகிறாள், எழும்பும்போது கேரளாவில் எழும்புகிறாள். படம் முடிகிற வரைக்கும் அந்த ஊரில் ஒருத்தரும் வேலைக்குப் போகவில்லை. ஒரு பஸ்ஸுக்குக்கூட யாரும் காத்து நிற்கவில்லை. நாங்கள் இங்கே பாதி ஆயுசைப் பஸ் ஸ்டாப்பில்தான் கழித்திருக்கிறோம்.

இன்னொரு கூத்து இருக்கிறது. ஒரு படத்தில் சண்டை மும்முரமாக நடக்கும்போது திரை கறுப்பாகி எழுத்து ஓடியது. “முடிஞ்சிட்டா?” என்றார் இவர். “பாதிதான் முடிஞ்சிருக்காம். மீதி அடுத்த படத்துலயாம்” என்றேன். இவர் எழும்பவே மாட்டேன் என்றுவிட்டார். “மீதியப் போடச் சொல்லு. நான் இங்கனயே இருக்கேன்.” துடைப்பத்தோடு வந்த அம்மா கெஞ்சித்தான் எழுப்பினாள்.

மகள் சொல்கிறாள், வீட்டிலேயே டிவியில் பாருங்கள், கீழே எழுத்து வரும் என்று. பார்த்தோம். எழுத்து வந்தது, இங்கிலீஷில். தமிழ்ப் படம், தமிழ் ஆட்கள், எழுத்து மட்டும் இங்கிலீஷ்! தமிழில் போட்டால் எந்த மகராசனுக்கு என்ன குறைந்துவிடும்? இவருக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும். பேப்பரில் கண்ணீர் அஞ்சலி வரைக்கும் விடாமல் வாசிக்கிற மனுஷர். சவத்தத் தூக்கிப் போடு என்று ரிமோட்டை என்னிடம் தந்துவிட்டுப் போய்விட்டார்.

இவ்வளவு எரிச்சலோடு எதற்குப் படத்துக்குப் போகிறீர்கள் என்று மகள் கேட்கிறாள். நியாயமான கேள்விதான். எங்களுக்குப் படம் பெரிசில்லை. படம் விட்டு வருகிற பஸ்தான் பெரிசு. திருநெல்வேலியில் ஏறி உட்கார்ந்தால் விக்கிரமசிங்கபுரம் வந்து சேர்கிற வரைக்கும் அந்தப் படத்தைப் பிரித்துப்போடுவோம். இவர் ஒரு கதை சொல்வார், நான் இல்லை என்பேன். அவர் பார்த்த படம் வேறாக இருக்கும், நான் பார்த்த படம் வேறாக இருக்கும். வாயைப் பார்த்துப் பாதி, ஊகத்தில் பாதி என்று அவராக ஒரு கதையைக் கட்டியிருப்பார். சண்டை போட்டுக்கொண்டே வருவோம். காது போனபிறகு இவர் வேறு யாரோடும் அவ்வளவு நேரம் பேசுவது கிடையாது. என்னோடும் வீட்டில் அவ்வளவு பேச்சு கிடையாது. அந்தப் பஸ்தான் எங்களுக்கு மிச்சம் இருந்தது.

ம்ம்

அந்தப் பையன் ஏசிய அன்றைக்கு அதுவும் போயிற்று.

பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தவர் வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். பேட்டை போயிற்று, சேரன்மகாதேவி போயிற்று. நான் தோளைத் தட்டி, “அந்தப் புள்ள எண்ணுனது நிசந்தாங்க, நானும் பாத்தேன்” என்றேன். என் வாயைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார், மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்லிடைக்குறிச்சி தாண்டும்போதுதான் வாயைத் திறந்தார்.

“இனி நீ மட்டும் போ” என்றார். மெதுவாகச் சொன்னார். மில்லுக்காரர் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அதிலிருந்து வீட்டில் ஒரே ‘ம்ம்’தான். எதைச் சொன்னாலும் ‘ம்ம்’. என் வாயைப் பார்க்கிறதையே விட்டுவிட்டார். மகள் வீடியோவில் கூப்பிட்டால் இரண்டு முறை தலையாட்டிவிட்டுப் போனை என்னிடம் நீட்டிவிடுவார். டீக்கடையும் நின்றது. ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது, “அடுப்புல பால் பொங்குதா பாருங்க” என்று உள்ளேயிருந்து கத்தினேன். “ம்ம்” என்று ஒரு பதில் வந்தது. வெளியே வந்து பார்த்தால் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்து கிடக்கிறது, வீடெல்லாம் கேஸ் நாற்றம். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கிறார். என்னவோ சத்தம் மட்டும் லேசாகக் காதில் விழ, சும்மா குத்துமதிப்பாக ஒரு ‘ம்ம்’ போட்டு வைத்திருக்கிறார்.

ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு அந்த மனுஷரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் ‘ம்ம்’ என்றார். திருப்பி ஒரு வார்த்தை ஏசவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாலுக்காக இல்லை. இவர் இப்படியே பையப் பைய உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார், நான் ஒரே வீட்டில் தனியாக இருக்கவேண்டி வரும் என்று பயந்துவிட்டேன்.

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த மேஸ்திரி ஞாபகம் வந்தது. இவருக்குப் பின்னால் நின்று அவர் ஏச, எதிரே நின்று நான் சொன்ன ஞாபகம். தாடிக்குள்ளே என்ன பேசினால் என்ன? என் மூஞ்சியில்தான் தாடி இல்லையே!

கடைசி வரிசை

மகளைக் கூப்பிட்டு, பெங்களூரிலிருந்தே போனில் டிக்கெட் போடச் சொன்னேன். “எந்தப் படம்மா?” என்றாள். “எந்த எழவா இருந்தா என்ன, கடைசி வரிசையா, மூலையாப் பாத்துப் போடு. எங்களுக்குப் பின்னால ஆள் இருக்கக் கூடாது” என்றேன்.

இவரிடம் போய், “மக ஆசையா டிக்கெட் போட்டுட்டா. போகலன்னா அவ மனசு கஷ்டப்படும்” என்றேன். வேட்டி மாற்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மகள் பேரைச் சொன்னால் இவரால் தட்ட முடியாது. பஸ்ஸில் போகும்போதும் ஒரு பேச்சு இல்லை. தியேட்டரில் சீட்டில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

படம் ஆரம்பித்தது. தாடிதான். இந்தத் தடவை இடுப்பு வரைக்கும். நான் சீட்டில் ஒரு பக்கமாகத் திரும்பி, திரை வெளிச்சம் என் மூஞ்சியில் விழுகிறமாதிரி உட்கார்ந்துகொண்டு இவர் முழங்கையைத் தட்டினேன். இவர் என்னைப் பார்த்தார். நான் வாயசைத்தேன், தொண்டையில் சத்தமில்லாமல், மில்லில் செய்கிற மாதிரியே: “இவன் அப்பாவ அவன் கொன்னுட்டானாம்.”

இவர் கண் என் வாயிலேயே நின்றது. எத்தனை காலமாயிற்று அப்படிப் பார்த்து! பிறகு அவரும் சத்தமில்லாமல் வாயசைத்தார். “எந்தத் தாடி?”

“சின்னத் தாடி.”

அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. எவ்வளவு பேசுகிறான்கள், படுபாவிகள்! கதாநாயகன் ஒரு மலைமேல் ஏறி நின்றுகொண்டு மண், ரத்தம், சரித்திரம் என்று நீட்டி முழக்கினான். நான் எல்லாவற்றையும் சேர்த்து, “வெட்டப் போறானாம்” என்றேன். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வில்லன் அதற்கு மேலே நீட்டினான். “இவனும் வெட்டப் போறானாம்.” இவர் தோள் குலுங்கியது. கதாநாயகியின் அம்மா வந்து கதறினாள். “நம்ம பங்காளி வீட்டு அக்கா மாதிரியே மூக்க உறிஞ்சுதா” என்றேன், அது வசனத்திலேயே கிடையாது. இவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் பாதிப் படத்தைத்தான் பார்த்தேன், அதுவும் ஓரக்கண்ணால். கழுத்து சுளுக்கிக்கொண்டது. ஆனால் பல மாசத்துக்குப் பிறகு இவர் என் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இடைவேளை முடிந்து ஒரு பெரிய சண்டை. கதாநாயகன் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஒரு படையையே அடிக்கிறான். சொல்வதற்கு வசனமே இல்லை. இவர் ஆவலாக என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், அடுத்து என்ன என்று. நான் அந்தக் கண்ணைப் பார்த்தேன். என்னை அறியாமல் வாய் அசைந்துவிட்டது.

“நீங்க வீட்ல பேசாம இருக்கது எனக்குத் தாங்கல. ஏசவாவது செய்யுங்க. அந்த ‘ம்ம்’ மட்டும் வேண்டாம்.”

இவர் என் வாயைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு, அந்த மில்லுக்காரக் குரல், அந்த முழுக் குரல், தியேட்டர் முழுக்க முழங்கியது.

“ஏளா! அவன் கயித்துலல்லா தொங்குதான்! இது நீயில்லா சொல்லுத!”

அத்தனை தலையும் திரும்பியது. சிரிப்புச் சத்தம் கேட்டது, “யாருடே அது?” என்று ஒரு குரலும் கேட்டது. திரும்பின மூஞ்சிகளுக்குப் பின்னால் திரை இருந்ததால் எல்லாம் இருட்டு. ஒரு வாயும் இவருக்குத் தெரியவில்லை. இதோ எழும்பப் போகிறார், இனி ஜென்மத்துக்கும் வர மாட்டார் என்று நினைத்தேன்.

இவர் எழும்பவில்லை. அந்த இருட்டுத் தலைகளைப் பற்றிக் கவலையே படாமல் என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். சத்தமில்லாமல் வாயசைத்தார்.

“சரி, பேசுதேன்.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா இந்தப் படத்த நல்லாருக்குன்னு சொல்லச் சொல்லாத” என்றார்.

படம் விட்டு வந்து பஸ் ஏறினோம். சீட்டில் சரியாக உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டார். சின்னத் தாடி எப்படிச் செத்தான், கயிறு ஏன் அறவில்லை, அந்த மலை எங்கே இருக்கிறது, மலைமேல் அவனுக்கு யார் சோறு கொண்டுபோய்க் கொடுத்தது. நான் இல்லை என்றேன். அவர் ஆமா என்றார். நான் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பார்த்தேன், அதற்கும் சண்டைக்கு வந்தார். சேரன்மகாதேவி தாண்டியும் நிற்கவில்லை. பஸ்ஸில் தூங்கப் பார்த்தவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். வீரவநல்லூர்ப் பக்கம் வரும்போது கண்டக்டர் பொறுக்கமாட்டாமல் எங்கள் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்று, “யம்மா, அண்ணாச்சியக் கொஞ்சம் பையப் பேசச் சொல்லுங்களேன்” என்றார்.

இவர், “அவரு என்ன சொல்லுதாரு?” என்று கேட்டு என் வாயைப் பார்த்தார்.

“அந்தக் கயிறு எப்படி அறாம இருந்துச்சுன்னு அவருக்கும் தெரியணுமாம்” என்று வாயசைத்தேன்.